சும்மா எரியும் டீசல்

ஏலம் முடிந்து தெற்குவாடிக் கொட்டகை காலியானதும்
யாரும் இல்லையென்று இரண்டு தரம் பார்த்துவிட்டு
மீன் தராசில் ஏறி நின்றேன்.
எண்பத்தொன்று புள்ளி நாலு.
ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன்.
எண்பத்தொன்று புள்ளி இரண்டு.
பதினாறு வருஷமாக எடை எழுதுகிறவள் நான்.
எவருக்கும் நூறு கிராம் குறைத்து எழுதியதில்லை.

புளோரின் ஒரு டப்பா கொண்டுவந்தாள்.
"மெட்டபாலிசம் ஏறும்க்கா,
தூங்கும்போதே கொழுப்பு கரையும்."
இரண்டாயிரத்து நானூறு. தவணையிலும் தரலாம்.
ஏலக்காய் போட்ட சுண்ணாம்பு மாதிரி இருந்தது.
பத்து நாள் நெஞ்சு மட்டும்தான் ஏறி ஓடியது.
தூக்கம் கரைந்தது.
மிச்சப் பொடியைப் பூனை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

பிறகு தடைக்காலம்.
கடலுக்கு அறுபத்தொரு நாள் என்றால்
என் வாய்க்கும் அதே என்று முடிவு செய்தேன்.
மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி மோர்.
மூன்று வாரத்தில் நாலு கிலோ!
கொட்டகையே கேட்டது, என்ன சாப்பிடுற ஜெனோவா என்று.
நாலாவது வாரம் முள் அசையவில்லை.
சித்திரை வெயிலில் விரல்நுனி குளிர்ந்தது,
சீப்பில் கொத்தாக முடி.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
தடை வந்தால் எங்கள் வீட்டில் முதலில் கேபிள் நிற்கும்,
அடுத்து ஞாயிற்றுக்கிழமைக் கறி,
அப்புறம் ஒரே ஃபேனுக்கடியில் நாலு பாய்.
வரும்படி நின்ற வீடு செத்துப்போவதில்லை,
செலவைச் சுருக்கிக்கொள்ளும்.
உடம்பும் இதே தெருவில்தானே குடியிருக்கிறது.
பரிசுத்த ஆவித் திருநாளுக்கு ஒரு தட்டு பிரியாணி,
அவ்வளவுதான்.
போன நாலும் கடனோடு திரும்பி வந்தது.

கரையேற்றிய படகுக்கடியில்
சந்தியாகு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான்.
நங்கூரத்தில் சும்மா ஓடினாலும் டீசல் குடிக்குமா?
"குடிக்காம? அதுபாட்டுக்கு எரியும்."
ஐட்லிங்கைத் திருகிக் கூட்டினால்?
"அதிரும். போல்ட்டு கழலும்.
நிறையக் குடிக்கணும்னா பெரிய எஞ்சின் வைக்கணும்.
ஆமா, யார் போட்டு?"
என் போட்டு என்றேன்.
அவன் எதற்குச் சிரித்தானென்று தெரியவில்லை.

பெரிய எஞ்சின்.
தடை நீங்கிய அன்று ஐஸ் பெட்டிக்கு ராயப்பனைக் கூப்பிடவில்லை.
அரைப் பெட்டிதான்; தொடை இரண்டும்
கொதித்த நண்டாகச் சிவந்ததுபோல் எரிந்தன.
மறுநாள் கழிவறையில் உட்காரவே
கர்த்தரை அழைக்க வேண்டியிருந்தது.
வாரம் மூன்று நாள், பிறகு முழுப் பெட்டி.
சாயங்காலம் பாம்பன் பாலத்தில் பாதிவரை நடை.
கச்சான் பக்கவாட்டில் தள்ளும்,
சேலையைப் பாயாக விரித்து
என்னை மண்டபம் பக்கம் கொண்டுபோகப் பார்க்கும்.

சாப்பாட்டில் ஒன்றுதான் மாற்றினேன்.
குழம்பில் எட்டுச் சூடை கிடந்தால்
அவருக்கு ஆறு, எனக்கு வால்பக்கம் இரண்டு;
இது எங்கள் சட்டியின் வழக்கம்.
இப்போது நாலுக்கு நாலு.
அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி தட்டைப் பார்த்தார்.
சோறு ஒரு கரண்டி தானாகக் குறைந்தது.
சீனி போட்ட டீ ஐந்திலிருந்து இரண்டு.
அந்த இரண்டை யாரும் கேட்கக் கூடாது.

புரட்டாசியில் தராசு சொன்னது
எழுபத்தொன்பது புள்ளி ஆறு.
இவ்வளவு பாட்டுக்கு இவ்வளவுதானா
என்று கோபம் வந்தது.
ஆனால் ரவிக்கையின் கைப்பக்கம் இறுகி
இடுப்புப்பக்கம் தொளதொளக்கிறதே,
பாவாடை நாடா மூன்று விரல் நீளமாகிவிட்டதே.
மீனை எடை போட்டால்
கூடையைக் கழித்துத்தான் எழுதுவோம்.
வெள்ளரிக்காய் நாளில் நான் இழந்தது மீன்,
திரும்பி வந்தது கூடை.
இதைச் சொல்ல இந்தத் தராசுக்கு வாயில்லை.

ஏல நோட்டில் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன்:
ஜெனோவா, 79.6, கூடை கழிக்கவில்லை.
மறுநாள் கணக்குப்பிள்ளை கண்ணாடியைத் தூக்கிக் கேட்டார்,
இது என்ன மீன், யார் எடுத்தது?
விலை போட வேண்டாம், அடுத்த வரிக்குப் போங்கள்
என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன்.